செத்த டயல்

ஆறாம் எண் அசையவில்லை. இரண்டாம் பாதி தொடங்கி ஏழு நிமிடம் ஆகிவிட்டது. என் திரையில் மற்ற பதினொரு கோடுகளும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, இது மட்டும் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்த ஆள் மாதிரி ஐம்பதில் நீட்டிப் படுத்துவிட்டது. இன்னும் மூன்று நிமிடம் பார்க்கலாம். பத்து நிமிடம் அசையாமல் கிடந்தால் அது செத்த டயல், கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், விதி அப்படி. விதியை எழுதியவனே நான்தான். ஆபீசில் அதற்கு மோ விதி என்றே பெயர். மோசஸ் கிருபாகரன் என்று அப்பாவும் பாஸ்டரும் யோசித்து வைத்த பெயர், வீட்டில் கிருபா, அமெரிக்காவில் இந்தக் கொலம்பஸ் நகரத்துக்கு வந்து எட்டு வருடத்தில் தேய்ந்து தேய்ந்து மோ, தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து டிவியில் கால்பந்து பார்க்கிறார்கள். பன்னிரண்டு பேரும் ஒஹையோக்காரர்கள், கால்பந்தைத் தேடிப் போய்ப் பார்க்காதவர்கள் என்று பார்த்துப் பொறுக்கியது. ஆளுக்கொரு பெட்டி, சோப்பு டப்பா அளவு, நடுவில் ஒரு குமிழ், அதுதான் டயல். பிடித்தால் வலது பக்கம் திருக வேண்டும், அலுத்தால் இடது பக்கம், பூஜ்யத்திலிருந்து நூறு வரை. எங்களை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பக்கம் இது வெறும் நிலைக்கண்ணாடி. இரண்டாம் எண் அம்மாள் வந்ததும் வராததுமாக என் மூக்குக்கு நேரே நின்று பல்லிடுக்கைப் பார்த்துக்கொண்டாள். நான் பின்னால் நகர்ந்தேன். ஆறு வருடமாக இந்த வேலை, இன்னும் யாராவது கண்ணாடியில் என்னைப் பார்த்தால் பிடிபட்டவன் மாதிரி நகர்ந்துவிடுகிறேன்.

வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான். இதோ, எல்லாக் கோடுகளும் கிணற்றில் விழுந்த வாளியாக இறங்குகின்றன. பக்கத்தில் கேத்லீன் சிரிக்கிறாள். அவள்தான் எனக்கு மேலே. ஆட்கள் தூங்கிவிடக் கூடாதென்று சோதனை அறைகள் இரண்டையும் ஐஸ் பெட்டி மாதிரி வைத்திருப்பாள், தானே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கேரட் கடித்துக்கொண்டிருப்பாள். "பாரு மோ, நம்மாளுங்களுக்கு இந்த நடிப்பு மட்டும் ஆகவே ஆகாது" என்கிறாள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். உருண்டவன் எழுந்து ஓடுகிறான், கோடுகள் பாதிதான் திரும்பி ஏறுகின்றன, ஒன்பதாம் எண் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான், மேல் பல் தெரியக் கொட்டாவி விடுகிறான். ஆறு மட்டும் உருண்டபோதும் இறங்கவில்லை, எழுந்தபோதும் ஏறவில்லை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேத்லீன் ஒரு மெயில் அனுப்ப வேண்டும். ஒரு டிவி சேனல் கேட்டிருக்கிறது, சனிக்கிழமைதோறும் இந்த ஆட்டங்களை வாங்கிப் போடலாமா, வேண்டாமா. ஆறு வருடத்தில் இதே கேள்வியை நான்கு பேர் கேட்டார்கள், நான்கு பேருக்கும் வேண்டாம் என்று எழுதினோம், எழுதியது நான், கையெழுத்து கேத்லீன். போன ஞாயிறு அண்ணன் போனில் இதைத்தான் பிடித்துக்கொண்டான். தேவநேசன், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், ஒரு காலத்தில் எங்கள் வியாசர்பாடி கால்பந்தில் லெஃப்ட் ஹாஃப் என்றால் அவன்தான். "இன்னாடா கிருபா, அங்க இருக்கறவன் நம்ம ஆட்டத்த பாக்கவே மாட்டானாமே?" பாக்கமாட்டாங்கண்ணா என்றேன், கோல் கம்மி, நடுவில் நிறுத்த மாட்டார்கள், எழுந்து போய் ஒரு சோடா எடுத்து வர முடியாது, தொண்ணூறு நிமிடம் ஓடிவிட்டு யாருமே ஜெயிக்கவில்லை என்றால் இவர்களுக்குக் கோபம் வருகிறது, அத்தனை பிள்ளைகளும் பன்னிரண்டு வயதுவரை ஆடுகிறார்கள், அதனால் அது பிள்ளைகள் ஆட்டம், அப்பா அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் பிள்ளையின் காலை மட்டும் பார்க்கிற ஆட்டம். பாடம் ஒப்பித்த மாதிரி சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணன் சொன்னான், "டேய், உக்கார வச்சி ஒரு ஆட்டம் காமிச்சா எவனா இருந்தாலும் பாப்பான்டா. நீ காமிச்சியா?" அதுதான் என் வேலையே என்றேன். "அப்பறம்?" நம்பர் சொல்லுதுண்ணா என்றேன். "நம்பரா" என்றான். பிறகு பேச்சை மாற்றி அண்ணிக்குச் சர்க்கரை ஏறிவிட்டதைச் சொல்ல ஆரம்பித்தான்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஆறாம் வரிசையைத் தொட்டு 'எடு' என்பதை அழுத்துகிறேன், கோடு சாம்பல் நிறமாகிறது, அவ்வளவுதான், கொசு அடிக்கிற வேலை. எழுந்து சோம்பல் முறிக்கும்போதுதான் கண்ணாடி வழியே பார்க்கிறேன், தூங்குகிறாரா என்று பார்க்கத்தான், தூங்கினால் ஃபாரத்தில் குறித்துவைக்க வேண்டும். ஆறாம் எண் ஒரு கிழவர். ஹார்லன் என்று எழுதியிருக்கிறது, வயது எழுபத்தொன்று, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், வழக்கமாகப் பார்க்கும் விளையாட்டு என்ற இடத்தில், மனைவி இருந்தவரை பேஸ்பால், இப்போது ஒன்றும் இல்லை என்று ஆடும் எழுத்தில். அவர் தூங்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பெட்டியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்திருக்கிறார், பஸ் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல, குமிழ் உள்ளங்கைக்குள் எங்கோ போய்விட்டது. வாய் திறந்திருக்கிறது. வாயில் ஈ போவது தெரியாமல் பார்ப்பது என்பார்களே, அப்படி. சிவப்புச் சட்டைக்காரர்கள் இடது ஓரத்தில் மூன்று பேர் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை, அப்படித்தான் நான் எழுதுவேன், பந்து கோட்டுக்கு வெளியேகூடப் போகவில்லை. அவருடைய இடது தோள் மெல்ல வலது பக்கம் சாய்கிறது, அவர் இதுவரை பார்த்தே இராத எவனோ ஒரு சிவப்புச் சட்டைக்காரனை ஓரத்திலிருந்து உள்ளே திருப்பிவிடுகிறார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. என் திரையில் அவர் சாம்பல்.

ஸ்டெல்லாக்கா. இத்தனை வருடமாக நினைக்கவே இல்லை, இப்போது மூக்கில் வந்து நிற்கிறாள். எங்கள் கிரவுண்டில் கோட்டுக்கு ஓரமாகத் தள்ளுவண்டி போட்டு பஜ்ஜி சுடுவாள், அடுப்புக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று அவள் புருஷன் படித்துப் படித்துச் சொல்வான், அவள் முகமெல்லாம் ஆட்டத்தில்தான் இருக்கும். கார்னர் என்றால் ஜல்லிக்கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி கறுத்துப் புகை கிளம்பும். கூட்டத்தில் பின்னால் நிற்கிற என்னைப் போன்ற பொடியன்களுக்கு ஆட்டம் தெரியாது, முன்னால் நிற்கிற முதுகுகள் மறைக்கும், கருகல் வாடை மட்டும் வரும், வந்ததும் கத்துவோம், வாடை வருதுடா, ஏதோ நடக்குதுடா. "ஏம்மே, அடுப்பப் பாரு" என்பான் புருஷன். "இருய்யா, தேவா கைல பந்து கீது" என்பாள், தேவா என் அண்ணன், காலில் இருப்பதைக் கையில் என்பாள். நல்ல ஆட்டம் என்றால் அன்று ஒரு ஈடு பஜ்ஜி முழுக்கக் கரி. மந்தமான ஆட்டம் என்றால் பொன்னிறத்தில் வரும். பஜ்ஜி நன்றாக இருந்தால் ஆட்டம் நன்றாக இல்லை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஏழு வயதிலேயே தெரியும். அதைத் தெரிந்தவன் இங்கே வந்து, புள்ளியியலில் எம்.எஸ். பண்ணி, கை அசையாவிட்டால் ஆள் பார்க்கவில்லை என்று ஒரு விதி எழுதியிருக்கிறான். ஸ்டெல்லாக்கா கையில் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தால் அவளையும் எடுத்திருப்பேன். பஜ்ஜி கருகியதால் பார்வையாளருக்கு ஆர்வமில்லை என்று கேத்லீனுக்கு எழுதியிருப்பேன்.

அறுபத்தெட்டாவது நிமிடம். கையெல்லாம் ஜில்லென்று இருக்கிறது, காது மட்டும் சுடுகிறது. பழைய கோப்புகளைத் திறக்க வேண்டியதே இல்லை, மனசிலேயே இருக்கின்றன. கூடைப்பந்து சோதனையில் ஒரு டயல்கூடச் செத்ததில்லை. எப்படிச் சாகும், இருபது விநாடிக்கு ஒரு தரம் எவனாவது கூடையில் போடுகிறான், போட்டதும் ஒரு மூச்சு விட இடம் கிடைக்கிறது, அந்த இடத்தில் குமிழைத் திருகலாம், பிடித்தது, பிடிக்கவில்லை, எண்பது, முப்பது. இவர்களுடைய எல்லா ஆட்டத்திலும் அந்த மூச்சு விடும் இடம் இருக்கிறது, அதில் உட்கார்ந்து பேசுவார்கள், கொறிப்பார்கள், திட்டுவார்கள், அது ஒரு அழகுதான், நான் குறை சொல்லவில்லை. இதில் அந்த இடம் இல்லை. இதில் சிக்கிக்கொண்டவனுக்குத் திருக நேரம் கிடையாது. சிக்காதவன்தான் திருகுவான். கால்பந்துச் சோதனைகளில் பன்னிரண்டுக்கு மூன்று, ஒரு தரம் நான்குகூட, செத்த டயல்கள், ஆறு வருடமாக. அத்தனை பேரையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த கொட்டாவிகளின் சராசரியை எடுத்து, அமெரிக்கர்களுக்கு இது பிடிக்காது என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் கொஞ்சம் பேர் நிஜமாகவே தூங்கியிருக்கலாம், பெட்டி கெட்டிருக்கலாம், எல்லாரும் ஹார்லன் இல்லை. ஆனால் நான் ஒருவரையும் எழுந்து பார்க்கவில்லையே. எழுந்து நின்றால் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம், ஒரு தரமாவது பார்த்திருக்கலாம். பார்க்காதது மட்டுமா. இரண்டாம் வருடம் பெரிய மீட்டிங்கில் ஒரு ஸ்லைடு போட்டேன், மற்ற ஆட்டங்களில் ஆட்கள்தான் தூங்குவார்கள், இந்த ஆட்டத்தில் டயலே செத்துவிடுகிறது என்று. நாற்பது பேர் சிரித்தார்கள். கேத்லீன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்கடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது, அந்தச் சிரிப்பு இப்போது கேட்கிறது, அதில் என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் உரக்க.

சொல்லிவிடலாம். கேத்லீன், ஒரு நிமிஷம், ஆறை நான் எடுத்தது தப்பு, எழுந்து பாருங்கள் அவரை. எவ்வளவு நேரமாகும், அரை நிமிடம். இந்தச் சோதனையின் கோப்பை மூடும்வரை சாம்பலைத் திரும்பப் பச்சையாக்கலாம், ஒரு தட்டு. ஆனால் ஆறை வைத்தால் விதி போகிறது, விதி போனால் ஆறு வருட ரிப்போர்ட் போகிறது, நான்கு சேனல்காரனும் கேட்பான், எவன் இந்த விதியை எழுதியது என்று, பெயரே அதில் ஒட்டியிருக்கிறது. என் விசா இந்த ஆபீசின் கையில் இருக்கிறது. பிள்ளை மூன்றாம் வகுப்பு. பார், அதற்குள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அவள் என்ன செய்தாள். பயம் எனக்கு எப்போதும் முதலில் வாயில்தான் வரும். காலேஜில் முதல் நாள், எந்த ஏரியாடா என்று பெஞ்சில் பக்கத்துப் பையன் கேட்டான். பெரம்பூர் என்றேன். யோசிக்கவே இல்லை, நாக்கு அதுவாகப் போய்ப் பெரம்பூரில் நின்றது. எங்களுக்கும் பெரம்பூருக்கும் நடுவில் ஒரு ரயில் பாதை, அதற்கடியில் ஒரு சுரங்கம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், அவ்வளவுதான் தூரம், ஆனால் வியாசர்பாடி என்றால் அவன் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும், அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த ஆபீசில் முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒருவன் கேட்டான், நல்ல மாதிரியாகத்தான் கேட்டான், நீ கால்பந்து ஆளா என்று. இல்லை, நாங்களெல்லாம் கிரிக்கெட் என்றேன். நாங்களெல்லாம் என்றால் யார். என் தெருவில் கிரிக்கெட் மட்டை இருந்த வீடு ஒன்று, அதுவும் துணி துவைக்க. அண்ணன் கிழிந்த பூட்ஸுக்கு லாரி டயரில் ஒட்டுப் போட்டு ஆடினான், நாங்களெல்லாம் கிரிக்கெட்.

எண்பத்தொன்பது. இப்போது சொல்கிறேன், இந்தப் பந்து வெளியே போனதும். போனது. ஓரத்திலிருந்து எறிந்துவிட்டான். சரி, அடுத்தது. "நீ சரியாத்தான் இருக்கியா மோ?" என்கிறாள் கேத்லீன். நல்லாதான் இருக்கேன் என்கிறேன், வாய் முந்திக்கொண்டது. சிவப்புக்கு கார்னர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் எண் போனை எடுத்துப் பார்க்கிறான், இரண்டாம் எண் அம்மாள் கைப்பையை மூடுகிறாள், திரையில் பதினொரு கோடும் தரையோடு தரை. ஹார்லன் பாதி எழுந்துவிட்டார். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை, முழங்கால் மடங்கி, பெட்டியை நெஞ்சோடு சேர்த்து, எழுபத்தொரு வயதில் அப்படி எத்தனை நேரம் நிற்க முடியும். பந்து வருகிறது, ஒரு தலை, மேல் கம்பத்தில் பட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கருகல் வாடை வந்தது, சத்தியமாக வந்தது, ஐஸ் பெட்டி மாதிரி அறையில், கேரட் வாசனைக்கு நடுவே. விசில். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். "அப்ப எதுக்குத்தான் இவ்வளவு நேரம் உக்காந்தோம்?" என்று ஒன்பதாம் எண் சத்தமாகக் கேட்டான், அறை முழுக்கச் சிரிப்பு, ஹார்லனும் மரியாதைக்குச் சிரித்தார்.

பெட்டிகளை வாங்கிக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. வாசலில் நின்றேன், ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டுப் போனார்கள், சாண்ட்விச் நன்றாக இருந்தது என்றாள் இரண்டாம் எண் அம்மாள். அவர் கடைசியில் வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான் உங்க வேலையக் கெடுத்துட்டேன்னு நெனைக்கறேன்" என்றார். "இதத் திருகவே மறந்துபோச்சு. ஆரம்பத்துல ஒருதரம் ஞாபகம் வந்துச்சு, அப்புறம் சுத்தமா மறந்துட்டேன். ஒரு வேலைதான் குடுத்தீங்க, அதையும் செய்யல. வெக்கமா இருக்கு."

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை என்று தொண்டைவரை வந்தது. "பரவாயில்ல சார்" என்றேன்.

"இந்த மாதிரி ஆட்டமெல்லாம் அடிக்கடி போடுவாங்களா? எங்க வீட்ல பழைய டிவிதான், ஆனா வரும்."

"அடிக்கடி இல்ல சார். இங்க யாரும் பாக்கறதில்லைன்னு சொல்றாங்க."

"அப்படியா?" அவர் கொஞ்சம் யோசித்தார். திரும்பி, அணைந்துபோன டிவியை ஒரு தரம் பார்த்தார். "சரிதான். அதுக்குன்னு படிச்சவங்க கணக்குப் போட்டுத்தான சொல்லுவாங்க" என்று பெட்டியை என் கையில் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

பெட்டி சுட்டது. நனைந்திருந்தது. நாலு பக்கமும், அடிப்பக்கமும், குமிழின் பள்ளத்தில்கூட வியர்வை நின்றது. குமிழ் ஐம்பதில். அதைத் துடைக்காமல் ஏந்திக்கொண்டு கேத்லீன் இருந்த அறைக்கு நடந்தேன், கால்தான் நடந்தது. இதைக் காட்டினால் போதும், நான் ஒன்றும் பேசக்கூட வேண்டாம், இது பேசும். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவள் மெயிலில் பாதி எழுதியிருந்தாள். "கேத்லீன், ஆறாம் நம்பர்" என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பினாள். நான் பெட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், உடனே முகத்தைச் சுளித்து மேஜைமேல் வைத்துவிட்டு விரல்களை ஜீன்ஸில் துடைத்தாள்.

"என்ன இது, இவ்வளவு ஈரம்?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நிஜமாகவே கேட்டாள், கேத்லீன் கெட்டவள் இல்லை, பதில் சொன்னால் கேட்கிறவள், அரை நிமிடம் எனக்காகக் காத்திருந்தாள். சொல்லுடா கிருபா. நீ காமிச்சியாடா. பெஞ்சில் பக்கத்துப் பையன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அந்த ரூம்ல ஏசி சரியில்ல" என்றேன்.

"திங்கக்கிழமை ஆளை வரச் சொல்றேன்" என்றாள் கேத்லீன், கம்பளிச் சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. நான் உட்கார்ந்து கோப்பை மூடினேன்.